பிளஸ் ஒன் என்று ஒரு வருஷம் இருக்கிறது

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக இருக்கும்போது படியுங்கள்.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இனி இல்லை என்று அறிவித்தார்கள். அதிலிருந்து எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே கேள்விதான். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "சார், பதினொண்ணாவதுக்குத்தான் பொதுத்தேர்வு இல்லீங்களே. பையனை இப்பவே பன்னெண்டாவது பாடத்துல உக்கார வெச்சரலாமுங்களா? ஒரு வருஷம் மிச்சமாகுமில்லீங்க?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பையன் நன்றாக வரவேண்டும் என்ற ஆசை. ஆனால் "ஒரு வருஷம் மிச்சம்" என்ற அந்த வார்த்தை என் மனதில் முள்ளாய் நின்றுவிட்டது. 16 வயசுப் பையனின் ஒரு வருஷத்தை எப்படி மிச்சம் பிடிப்பது? எங்கே கொண்டுபோய் சேர்த்து வைப்பது? அவருக்குப் போனில் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துக் கதை உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். பொறியியல் நுழைவுத்தேர்வு நீங்கிய பிறகு பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாம் என்று ஆயிற்று. 200க்கு எவ்வளவு கட்-ஆஃப் என்பதுதான் வீட்டிலும் டீக்கடையிலும் பேச்சு. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் விடுதியோடு கூடிய பள்ளிகள் வரிசையாக எழுந்தன. ஜூன் மாதம் வந்தால் பஸ் ஸ்டாண்டில் பெட்டி, பக்கெட், பாய் சகிதம் தென்மாவட்டத்துப் பிள்ளைகளும் பெற்றோர்களும் நிற்பார்கள். அந்தப் பள்ளிகளில் கஷ்டப்பட்டுப் படித்து மருத்துவரானவர்கள், பொறியாளரானவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் பல இடங்களில் ஒரு வழக்கம் புகுந்தது. பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்குத் தொட்டுவிட்டு, அந்த வருஷமே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிடுவது. பிளஸ் டூ புத்தகத்தை இரண்டு வருஷம் திரும்பத் திரும்ப உருப்போட வைப்பது. பத்திரிகைகள் இதற்கு "பிராய்லர் பள்ளி" என்று பெயர் வைத்தன. எனக்கு அப்போதே சிரிப்பு வரும். பிராய்லர் கோழிக்குப் பல்லடம் பக்கம்தான் பேர். நாமக்கல்லில் பெரும்பாலும் முட்டைக்கோழி. அந்தக் கோழிகூட 18, 20 வாரம் வளர்ந்த பிறகுதான் முதல் முட்டை இடும். ஒரு முட்டை உருவாகி வெளியே வர ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும். எவ்வளவு தீவனம் கொட்டினாலும் நாளைய முட்டையை அது இன்றைக்கே இடாது. கோழிக்குக் கொடுத்த அவகாசத்தை நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை.

2017 மே மாதம் பிளஸ் டூ முடிவுகள் வந்தபோது மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசு நிறுத்தியது. அதே சமயம் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2018 மார்ச்சில் முதல் தேர்வை நடத்தியது. பிளஸ் ஒன் பாடம் நடத்தப்படாமல் போவதைத் தடுப்பது அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று. பிறகு பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதும் சுமை பிள்ளைகள் தலையில் ஏறியது. இப்போது அதை எடுத்துவிட்டார்கள். சுமை குறைவது நல்லதுதான். ஆனால் தேர்வு போனால் பாடமும் போய்விடுமோ என்பதுதான் என் கவலை.

நான் இயற்பியல் ஆசிரியன். ஆகவே என் பாடத்திலிருந்தே சொல்கிறேன். வெக்டர், நியூட்டனின் விதிகள், தனிச்சீரிசை இயக்கம் எல்லாம் பிளஸ் ஒன்னில் வருகின்றன. பிளஸ் டூவில் மின்புலத்தைக் கூட்ட வேண்டுமென்றால் வெக்டர் வேண்டும். மாறுதிசை மின்னோட்டம் புரியவேண்டுமென்றால் சீரிசை இயக்கம் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாத பிள்ளையும் பிளஸ் டூவில் முழு மதிப்பெண் வாங்கமுடியும். மனப்பாடத்துக்கு அந்த சக்தி உண்டு. வெளுத்துப் போவது அதற்கு அடுத்த வருஷம்.

மூட்டை மூட்டையாக மதிப்பெண்ணோடு பொறியியல் கல்லூரிக்குப் போன ஒரு மாணவன் முதல் செமஸ்டர் விடுமுறையில் என்னைப் பார்க்க வந்தான். பத்தாவது வரை எங்கள் அரசுப் பள்ளியில் படித்தவன். கணக்கில் இரண்டு பேப்பர் அரியர். "சார், வாத்தியார் 'இது நீங்க ஏற்கெனவே படிச்சதுதான்'னு சொல்லிட்டு மேலே போயிடறார். நான் படிக்கவே இல்லீங்க சார். எல்லாருக்கும் தெரிஞ்சது எனக்கு மட்டும் தெரியலை. நான் மக்குதானோன்னு தோணுது" என்றான். அவன் மக்கு இல்லை. அவனுக்கு ஒரு வருஷம் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பத்து நாள் பிளஸ் ஒன் புத்தகத்தைப் புரட்டினோம். பத்தாம் நாள் அவன் முகம் வேறு மாதிரி இருந்தது.

அவனுக்குப் போனது பாடம் மட்டும்தான் என்றால் பரவாயில்லை, அதைத் திரும்பப் படித்துக்கொள்ளலாம். கூடவே இன்னொன்றும் போயிருந்தது. "இன்றைக்கு நடப்பது கணக்கில் வராது, அடுத்த வருஷம்தான் முக்கியம்" என்று அவனுக்கு ஒரு பாடம் நடத்தப்பட்டிருந்தது. அந்தப் பாடத்தை நம் பிள்ளைகள் எளிதில் மறப்பதில்லை. பத்தாவது பதினொன்றுக்காக, பதினொன்று பன்னிரண்டுக்காக, பன்னிரண்டு கல்லூரிக்காக, கல்லூரி வேலைக்காக, வேலை வீட்டுக் கடனுக்காக, பிறகு தன் பிள்ளையின் அட்மிஷனுக்காக. எந்த வருஷமும் அந்த வருஷத்துக்காக வாழப்படுவதில்லை. ஓய்வு பெற்ற பிறகு பூங்காவில் நடக்கும்போது என் வயதுக்காரர்கள் பேசுவதைக் கேட்கிறேன். பாதி நேரம் நடந்து முடிந்ததைப் பேசுகிறோம், மீதி நேரம் நாளைக்குச் செய்துகொள்ளவேண்டிய ரத்தப் பரிசோதனையைப் பேசுகிறோம். நடந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் பூத்திருக்கும் புங்க மரம் யார் கண்ணிலும் படுவதில்லை.

இது வெறும் வாத்தியார் உபதேசம் அல்ல. 2010இல் ஹார்வர்டைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 2,250 பேரிடம் அவர்களுடைய ஐபோன் வழியாக, எதிர்பாராத நேரங்களில் கேட்டார்கள்: இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், மனம் அதில்தான் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்? கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனம் செய்யும் வேலையில் இல்லை. மனம் வேறெங்கோ அலையும்போது மக்கள் மகிழ்ச்சி குறைந்தே இருந்தார்கள். என்ன வேலை செய்கிறார்கள் என்பதைவிட மனம் எங்கே இருக்கிறது என்பதுதான் அவர்களுடைய மகிழ்ச்சியை அதிகம் சொன்னது.

தன்னம்பிக்கைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 1977இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். "என்னால் முடியும்" என்ற எண்ணம் ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது? மற்றவர் செய்வதைப் பார்த்து வரும். பிறர் ஊக்கப்படுத்துவதால் வரும். ஆனால் எல்லாவற்றையும்விட வலுவாக, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவத்தில் வரும் என்றார். யோசித்துப் பாருங்கள். செய்து முடிப்பது என்பது இன்றைக்கு மட்டும்தான் நடக்கும். நாளைய கணக்கை இன்றைக்குப் போட்டு முடிக்கமுடியாது. ஆகவே "நீ டாக்டராகப் போறே, தைரியமா இரு" என்று ஆயிரம் தடவை சொல்வதைவிட, இன்றைக்கு ஒரு வெக்டர் கணக்கைத் தானாகப் போட்ட பிள்ளைக்குத் தைரியம் அதிகம்.

இதற்கு நம் மண்ணிலேயே ஒரு பிள்ளை இருக்கிறார். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. 1995இல் பிறந்தவர். ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகும்போது பஸ் மோதி வலது காலில் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. தாயார் காய்கறி விற்றுக் குடும்பத்தை நடத்தினார். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் உயரம் தாண்டச் சொல்லி ஊக்கப்படுத்தினார். 14 வயதில் முதல் போட்டியில், ஊனமில்லாத பிள்ளைகளோடு போட்டியிட்டு இரண்டாவதாக வந்தார். பிறகு பயிற்சியாளர் சத்தியநாராயணா அவரைக் கண்டெடுத்தார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளி. 2024 பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம். மூன்று பாராலிம்பிக்கில் மூன்று பதக்கம்.

இதில் உயரம் தாண்டுதலின் விதியைக் கவனியுங்கள். கம்பியை ஒவ்வொரு கட்டமாக உயர்த்துவார்கள். தொடர்ந்து மூன்று முறை தட்டிவிட்டால் வெளியே. அப்படியென்றால் என்ன அர்த்தம்? தங்கம் வாங்குபவர் உட்படப் பெரும்பாலும் எல்லோரும் கம்பியைத் தட்டிவிட்டுத்தான் போட்டியை முடிக்கிறார்கள். தோல்வியில் முடியும் விளையாட்டு அது. போன தாவலில் கம்பி விழுந்த சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு அடுத்த தாவலுக்கு ஓடினால் கால் தடுமாறும். இரண்டு கட்டம் தள்ளி வரப்போகிற உயரத்தை நினைத்துக்கொண்டு ஓடினாலும் அதே கதி. அந்தச் சில வினாடிக்கு ஓடும் தூரம், ஊன்றும் கால், இந்தக் கம்பி. வேறொன்றும் கிடையாது.

டோக்கியோவை நினைத்துப் பாருங்கள். கொரோனாவால் ஒரு வருஷம் தள்ளி 2021இல் நடந்தது. தொடக்க விழாவில் தேசியக் கொடி ஏந்தவேண்டியவர் மாரியப்பன். விமானத்தில் அருகில் வந்தவருக்குத் தொற்று என்பதால் அவரால் விழாவுக்கே போகமுடியவில்லை. வேறொருவர் கொடி ஏந்தினார். போட்டி நாளன்று மழை. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த காலுறை நனைந்து தாண்டுவது சிரமமாக இருந்தது என்று பின்னர் அவரே சொன்னார். ரியோவில் தங்கம் வாங்கியவனுக்கு இப்படியா என்று மனம் கசந்திருக்கலாம். ஆனாலும் ஈரத்தில் 1.86 தாண்டினார். 1.88இல் மூன்று முறையும் முடியவில்லை. அமெரிக்காவின் சாம் குரூ அதே உயரத்தைக் கடைசி வாய்ப்பில் தாண்டித் தங்கத்தை எடுத்துக்கொண்டார். தங்கம் போன அந்த மனிதர் 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் பாரா தடகளப் போட்டியில் அதே 1.88 தாண்டி முதலிடம் பிடித்தார். தன்னம்பிக்கை என்றால் மேடையில் மைக் பிடிப்பது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்த 1.88 கதையைச் சொல்லுங்கள்.

இன்னொருவர் சின்னப்பம்பட்டி நடராஜன். ரஞ்சி போட்டியில் அறிமுகமான கையோடு பந்துவீசும் முறையில் சந்தேகம் என்று புகார். மணிக்கட்டும் முழங்கையுமாகப் பழகிப்போன ஒன்றை முதலிலிருந்து மாற்றிப் பழகவேண்டிய நிலை. மாற்றினார். 2020 ஐபிஎல்லில் யார்க்கர் யார்க்கராகப் போட்டார். ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போனவர், அந்த ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். யார்க்கர் என்பது ஒரு சாண் தப்பினால் ஃபுல் டாஸ், சிக்ஸர் போய்விடும். போன பந்தில் சிக்ஸர் கொடுத்தவன் அடுத்த பந்தை மறுபடி அதே காலடியில் போடவேண்டும். ஆறு பந்தையும் ஒரே நேரத்தில் போட யாராலும் முடியாது.

சிலர் கேட்பார்கள்: "சார், நாளையைப் பத்தி யோசிக்காம இருந்தா எப்படிங்க? வட்டி கட்டறவன் யோசிக்காம முடியுமா?" நியாயமான கேள்வி. நாளைக்குச் சோறு இருப்பவனுக்குத்தான் இந்த நிமிஷத்தில் வாழ்வது சுலபம். அது எனக்கும் தெரியும். ஆனால் திட்டம் வேறு, பதற்றம் வேறு. நம் ஊர்க் கோழிப்பண்ணைக்காரரைப் பாருங்கள். குஞ்சு வாங்கும்போதே ஐந்து மாதம் கழித்து வரப்போகும் முட்டைக்குக் கணக்குப் போடுகிறார். அது திட்டம், ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி முடித்துவிடலாம். முட்டை விலை தினம் தினம் அறிவிக்கப்படுகிறது. ஏறும், இறங்கும், அது அவர் கையில் இல்லை. விலையை நினைத்து ராத்திரி முழுக்கப் புரண்டாலும் காலையில் தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறதா, தீவனம் விழுந்ததா, எந்தக் கோழி சோர்ந்து நிற்கிறது என்று பார்ப்பதுதான் அவருக்குக் காசு. திட்டத்துக்கு முடிவு உண்டு, எழுதி மூடிவைக்கலாம். பதற்றத்துக்கு முடிவே கிடையாது. அது திட்டம் போல வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளி ஒருவருடைய மகள் என்னிடம் படித்தாள். நன்றாகப் படிப்பாள். ஆனால் அரையாண்டுத் தேர்வில் முதல் கேள்வியே தெரியவில்லை என்றதும் கை நடுங்கி, தெரிந்ததையும் எழுதாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்பாவை வரச் சொன்னேன். திட்டுவார் என்று பயந்துகொண்டிருந்தாள். அவர் திட்டவில்லை. "கண்ணு, தறியில பாவு இழை ஒண்ணு அறுந்தா நான் என்ன செய்யறேன்? தறிய நிறுத்தி அந்த ஒரு இழைய முடிச்சுப் போட்டுட்டு மறுக்கா ஓட்டறேன். அறுந்துபோச்சேன்னு நின்னு அழுதா மொதலாளி உடுவாரா? பாக்காம ஓட்டுனா துணி பூராக் கோடு உழுந்துடும்" என்றார். நான் இருபது வருஷம் பி.எட். அறிவோடு சொல்ல முயன்றதை அவர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே ஒரு பயிற்சிதான் கொடுத்தேன். கேள்வித்தாள் வாசிக்கக் கொடுக்கும் பத்து நிமிஷத்தில், தெரியாததைத் தேடாதே. தெரிந்த கேள்வி ஒன்றைக் கண்டுபிடி. அதை எழுது. எழுதும்போது அந்த ஒரு கேள்விதான் உலகத்திலேயே இருக்கிறது. முடிந்ததும் பேனாவைக் கீழே வை, ஒரு மூச்சு இழுத்து விடு, அடுத்தது. இன்றைக்கு அவள் செவிலியராக வேலை பார்க்கிறாள். "ராத்திரி டூட்டியில பத்துப் பேஷண்ட் ஒரே நேரத்துல கூப்பிட்டாலும் அதேதான் சார் செய்யறேன்" என்பாள்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் என் அனுபவத்தில் உதவிய சில விஷயங்கள்:

1. சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "எத்தனை மார்க்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இன்னிக்கு என்ன புதுசாத் தெரிஞ்சுக்கிட்டே?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் தினமும் கேளுங்கள். பத்தாம் நாள் வரும்.

2. படிக்கும்போது போன் வேறு அறையில் இருக்கட்டும். 25 நிமிஷம் ஒரே பாடம், 5 நிமிஷம் எழுந்து நடை. புத்தகம் திறந்திருக்கும் மூன்று மணி நேரத்தைவிட மனம் திறந்திருக்கும் அந்த 25 நிமிஷம் பெரிது.

3. என் வகுப்பில் சில நாள் பாடவேளை தொடக்கத்தில் ஒரு நிமிஷம் கண்ணை மூடி, காதில் விழும் சத்தங்களை எண்ணச் சொல்வேன். மின்விசிறி, பைபாஸில் லாரி ஹாரன், அணில், பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு. காசு செலவில்லாத தியானம் அது. பெரியவர்களும் செய்யலாம்.

4. ராத்திரி படுக்கும் முன் இன்று முடித்த மூன்று காரியங்களை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சின்னதாக இருந்தாலும் சரி. நாளைய கவலை வந்தால் அதையும் ஒரு வரியில் எழுதி நோட்டை மூடிவிடட்டும்.

5. சாப்பிடும் அரை மணி நேரம் வீட்டில் நீட், கட்-ஆஃப், கவுன்சலிங் பேச்சு வேண்டாம். சாப்பாட்டில் உப்பு சரியா என்று பேசலாம், தப்பில்லை.

ஒன்று மட்டும் கவனம். பிள்ளை வாரக்கணக்கில் தூங்காமல் இருந்தால், சாப்பாடு குறைந்தால், யாரோடும் பேசாமல் இருந்தால், "நான் இல்லாமலே போயிட்டா நல்லாருக்கும்" என்பதுபோல் ஒரு வார்த்தை வந்தால், மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அது மருத்துவரிடம் போகவேண்டிய விஷயம். நம் மாநிலத்தில் 104, நாடு முழுவதும் டெலி-மானஸ் 14416 ஆகிய எண்களில் இலவசமாகப் பேசலாம். காய்ச்சலுக்குப் போவதுபோல் இதற்கும் போகலாம். அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்று பார்க்கவேண்டாம்.

பட்டறைக்காரத் தம்பிக்குச் சொன்ன பதில் இதுதான்: "பையன் பதினொண்ணாவதுல பதினொண்ணாவதைப் படிக்கட்டும்ப்பா. நீட், ஜேஇஇ எதை எழுதினாலும் பதினொண்ணாவது பாடத்திலிருந்தும் கேள்வி வருது. அது ஒரு பக்கம். சாயங்காலம் கொஞ்சம் விளையாடட்டும். லீவு நாள்ல உன் பட்டறைக்கு வரட்டும். சேஸிஸ் மேல பாடி எப்படி உக்காருதுன்னு பாக்கட்டும். விசை, திருப்புத்திறன், ஈர்ப்பு மையம் எல்லாம் அங்கயே இருக்கு."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரிங்க சார், ஸ்கூல்ல போயி பதினொண்ணாவது பாடத்தை முழுசா நடத்துவீங்களான்னு கேக்கறேன்" என்றார். பொதுத்தேர்வு இல்லாத இந்த வருஷத்தில் ஒவ்வொரு பெற்றோரும் கேட்கவேண்டிய கேள்வி அதுதான். உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் நீங்களும் கேளுங்கள்.

பிளஸ் ஒன் பிள்ளைகள் வைத்திருக்கும் நண்பர்களுக்குப் பகிருங்கள். வாழ்க வளமுடன்.